ஐந்தாவது தரப்பு வெளியே நிற்கிறது

மாத்தளையில் பசியை ஒழிப்பதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. சங்கம் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். 'மாத்தளை மாவட்ட நிலைபேறான உணவுக்கான பல்தரப்புக் கூட்டிணைவு' என்று மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். யுத்த நிறுத்தம் வந்து, பாதைகள் திறந்து, வெள்ளை ஜீப்புகள் மலையேறத் தொடங்கியிருந்த காலம் அது. தெருவுக்குத் தெரு ஒரு பெயர்ப்பலகை முளைத்தது. இவர்களுடைய பலகையில் இந்தப் பெயரை மூன்று மொழிகளிலும் எழுத வேண்டியிருந்ததால், திருகோணமலை வீதியிலிருந்த அந்த மாடிவீட்டின் ஜன்னல்கள் இரண்டும் பலகைக்குப் பின்னால் போய்விட்டன. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நிலைபேற்றைப் பற்றிப் பேசினார்கள். ஊர்ச்சனம் மட்டும் கொஞ்சமும் மரியாதையில்லாமல் 'சாப்பாட்டுக் கமிட்டி' என்றது.

ஊர்ச்சனத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. கூட்டிணைவு தொடங்கி இரண்டு வருடத்தில் அதனால் வயிறு நிறைந்தவர்கள் யாரென்று பார்த்தால், அதன் கூட்டங்களுக்கு வந்தவர்கள் மட்டும்தான். அந்த வயிறுகளை நிறைத்தவள் உக்குவளை கைறுன்னிஸா. கீரிச்சம்பா சோறு, பருப்பு, பொலஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், மேலே ஒரு கோழித்துண்டு அல்லது முட்டை, ஓரத்தில் ஒரு பப்படம். இத்தனையும் வாழையிலையில் கட்டி, சூடு ஆறாமல் பெரிய கூடைகளில் அடுக்கி, புருஷன் புஹாரியின் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு பன்னிரண்டரைக்கு வாசலில் நிற்பாள். கூட்டிணைவுக்கு வாரத்தில் பாதிநாள் கூட்டம் இருந்தது. கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், இந்த ஓடரை நம்பி அந்த வேலையை விட்டுவிட்டாள். அவளோடு அடுப்படியில் நின்ற நல்லம்மாவும் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு இறங்கி வந்தவள்தான். மூன்றாமவள் ஹவ்வாவுக்கு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு மாமியார். ஆகவே கூட்டிணைவு நன்றாகக் கூடவேண்டும், நீடூழி கூடவேண்டும் என்பதில் இந்த மூன்று பெண்களுக்கும் இருந்த அக்கறை அதன் தலைவருக்குக்கூட இருந்ததில்லை.

தலைவர் கலாநிதி அம்பன்வெல. ஓய்வுபெற்றவர், மெலிந்தவர், கூட்டம் நடத்துவதில் தீராத ஆசை கொண்டவர். மூன்று மொழியும் பேசுவார். மூன்றிலும் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார். "பெரும்பான்மை வாக்கு என்பது பழைய காலத்து வியாதி. நாங்கள் ஏகமனதாக முடிவெடுக்கிறோம். ஐந்து தரப்பும் இருந்தால்தான் கூட்டம். ஐந்து தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம். அதனால்தான் இன்றுவரை நாங்கள் ஒரு தவறான தீர்மானமும் எடுக்கவில்லை" என்பார். அது முழு உண்மை. எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை.

ஐந்து தரப்பில் முதலாவது அரச தரப்பு. இரண்டாவது வர்த்தகர் தரப்பு. அதற்கு மக்கீன் ஹாஜியார், மிளகு ஏலம் வாங்கி விற்பவர். மூன்றாவது சிவில் சமூகத் தரப்பு. நான்காவது தோட்டத் தொழிலாளர் தரப்பு; அதற்கு மாடசாமி என்ற பழைய தொழிற்சங்கக்காரர். ஐந்தாவது, உணவு ஆக்கும் பெண்கள் தரப்பு. அந்தக் கதிரையில் தொடங்கின நாளிலிருந்து யாரும் உட்கார்ந்ததில்லை; அதனால் அதுவரை கூடினதெல்லாம் கணக்கில் 'ஆயத்தக் கூட்டம்'தான். சமைக்கிற பெண் எவளுக்கும் சமைக்கிற நேரத்தில் கூட்டத்துக்கு வர வசதிப்படவில்லை. இதைப் பற்றி ஆராய ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். அதற்கும் சோறு கைறுன்னிஸாதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, நிதி கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு மிஸ் கொழும்பு ஜீப்பில் வந்து இறங்கினாள். ஐந்து கதிரையும் நிறைந்திருக்கிறதா, யாப்பு என்கிற சட்டக்கோவை நிறைவேறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்ட நிதி. இணைப்பாளர் சுந்தரலிங்கத்துக்குக் காலையிலிருந்து வியர்த்துக்கொண்டேயிருந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் கூட்டிணைவில் சேர்ந்த பிறகு நேராக ஒரு வசனம் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பன்னிரண்டரைக்குக் கூடைகளோடு வாசலில் நின்ற கைறுன்னிஸாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா, கொஞ்சம் இந்தக் கதிரையில இருங்க."

"எதுக்கு சேர்? சோறு ஆறுது."

"நீங்க இருந்தாத்தான் இவங்க எழும்புவாங்க. எழும்பினாத்தான் சோறு. கெதியா இருங்க."

சொன்னதில் ஒரு நியாயம் தெரிந்ததால் அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலைவர் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். பிறகு ஏதோ கேட்டார். மண்டபத்தில் கைகள் உயர்ந்தன.

அந்த மண்டபத்தில் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கை உயர்ந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்பது கைறுன்னிஸாவுக்குத் தெரியும். மரக்கறிப் பார்சல் யாருக்கு என்று சுந்தரலிங்கம் கேட்பார். வேண்டியவர்கள் கை தூக்குவார்கள். அவள் எண்ணிக்கொண்டு போவாள். வெள்ளிக்கிழமையென்றால் இந்து ஆட்கள் எல்லோரும் மரக்கறி. ஆகவே வழக்கம்போல் எழுந்து, முன்வரிசையிலிருந்து விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். அரச தரப்பு அதிகாரி தோளுக்கு மேலே போகாமல் கையைப் பிடித்திருந்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"சேர், தூக்கிறதெண்டா நல்லாத் தூக்குங்க. அரைகுறையாத் தூக்கிட்டுப் பொறகு இல்லேன்னு எனக்கிட்ட சண்டைக்கு வரப்படாது."

அதிகாரி பதறிப்போய்க் கையை நேராக உயர்த்தினார். தலைவரும் உயர்த்தினார். கொழும்பு மிஸ் பரவசத்தோடு எதையோ குறித்துக்கொண்டாள். கைறுன்னிஸா பின்வரிசைவரை எண்ணி முடித்து, "பதினெட்டு. சரி, கைய எறக்குங்க" என்றாள். மண்டபம் கைதட்டியது.

கொண்டுவந்ததோ பத்து மரக்கறிப் பார்சல்தான். பதினெட்டுக்கு எங்கே போவது என்ற யோசனையில் அவள் அந்தக் கைதட்டலைக் கவனிக்கவில்லை. வராந்தாவில் வைத்து எட்டுப் பார்சலைப் பிரித்து, கோழித்துண்டை எடுத்துவிட்டு, பருப்பைக் கொஞ்சம் கூட்டிக் கட்டிக் கொடுத்தாள். மக்கீன் ஹாஜியார் தன்னுடையதைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"ஏன் புள்ள, எனக்கு எப்ப இருந்து கோழி ஹராம்?"

"நீங்கதானே கை தூக்கினீங்க, ஹாஜியார்."

"நான் ஜும்ஆவுக்குப் போகணும்னு அவசரத்துல தூக்கினது!"

அன்று கை தூக்கி நிறைவேற்றப்பட்டது கூட்டிணைவின் யாப்பு. வாக்கை எண்ணி உறுதிப்படுத்தியவர், ஐந்தாவது தரப்பின் பிரதிநிதி கைறுன்னிஸா புஹாரி. இதை அவளுக்குச் சுந்தரலிங்கம் சாப்பிட்ட கையோடு விளக்கிச் சொல்லி, நாடாவில் தொங்கும் ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். கொழும்பு மிஸ் அவளைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். புஹாரிக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று பின்னேரமே த்ரீவீல் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான்.

"எங்கட ஊட்டுல இனி மெம்பர்" என்றான்.

அந்தப் பெருமைக்குத் திங்கட்கிழமைவரைதான் ஆயுள். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஓடர் வரவில்லை. மறந்துவிட்டார்களாக்கும் என்று அவளே போய்க் கேட்டாள். சுந்தரலிங்கம் கதிரையைக் காட்டி, ஃபேனைத் தன் பக்கமிருந்து அவள் பக்கம் திருப்பிவிட்டார். 

"அக்கா, நீங்க இப்ப ஆளுகைக்குள்ள வந்துட்டீங்க. ஆளுகைக்குள்ள இருக்கிறவங்க கூட்டிணைவுக்கு ஒண்ணும் விக்க ஏலாது. நலன் முரண்பாடு. யாப்புல புதுசாச் சேர்த்த வாசகம். நீங்கதான் வாக்கு எண்ணினீங்க."

"நான் எண்ணினது மரக்கறி, சேர்!"

"எண்ணினது எதுவாயிருந்தாலும் எண்ணிக்கை சரி."

"அப்ப எனக்கு அந்தக் கதிர வேணாம். நான் சோத்தையே கொண்டு வாறேன்."

சுந்தரலிங்கம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அப்படிச் சொல்லப்படாதுக்கா. உங்களுக்கு இப்ப அதிகாரம் இரிக்கு."

அதிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்ட நல்லம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள். "இனி தோட்டத்துக்குப் போனாலும் எனக்கு வேலைக்குப் பேர் போட மாட்டாங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கைறுன்னிஸா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் மெதுவாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

கூட்டிணைவும் சும்மா இருக்கவில்லை. பகல் சாப்பாட்டை யாரிடம் எடுப்பதென்று முடிவெடுக்கப் பகலுணவு உபகுழு ஒன்றை அமைத்தது. சாப்பாட்டைப் பற்றி அதிகம் தெரிந்தவர் என்பதால் கைறுன்னிஸாவே அழைப்பாளர். ஆனால் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் நலன் முரண்பாடு காரணமாக அவள் வெளியே போய்விட வேண்டும். பகலுணவு உபகுழுவில் வேறு பேச்சு வருவதற்கு வழியில்லை. ஆகவே ஒவ்வொரு கிழமையும் அவள் போய், "எல்லாரும் வந்தீக்கிறீங்க, சந்தோஷம்" என்று கூட்டத்தைத் தொடங்கிவைத்துவிட்டு, வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

மாடசாமியும் வெற்றிலை போட அடிக்கடி அங்கே வருவார்.

"இதுல ஒண்ணும் வருத்தப்படாத தங்கச்சி. நான் ரெண்டு வருசமா இங்க தோட்டத் தொழிலாளர் தரப்பு. தோட்டத்துல வேலய விட்டு ஒம்பது வருசமாச்சு. என்னைய யாரும் கேட்டாங்களா?"

"உங்களுக்கு விலக விருப்பமில்லையா அண்ணன்?"

"மூணு தரம் விலகிட்டேனே! ஒவ்வொரு தரமும் பிரிவுபசாரக் கூட்டம் வைப்பாங்க. கூட்டத்துக்கு என் தரப்பும் வேணும்னு என்னையத் திரும்பக் கூட்டிட்டு வந்துருவாங்க."

உபகுழு கூடிக்கூடி நிபந்தனைகளை வகுத்தது. சாப்பாடு உள்ளூர்ச் சாப்பாடாக இருக்க வேண்டும். சமைப்பவர் சிறு உற்பத்தியாளராக இருக்க வேண்டும். அந்தச் சிறு உற்பத்தியாளர் கணக்காய்வு செய்யப்பட்ட கம்பனியாகவும் இருக்க வேண்டும். மாவட்டம் முழுக்கத் தேடியும் அப்படியொரு பிறவி கிடைக்கவில்லை. கடைசியில் கொழும்புக் கம்பனி ஒன்று மாத்தளையில் ஒரு தபால் பெட்டியை வாடகைக்கு எடுத்து உள்ளூர்க் கம்பனியாகி விண்ணப்பித்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருந்த காலம் முழுவதும் பிளேன்டீயும் பிஸ்கட்டும்தான். கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். ஏன் வரவு குறைகிறதென்று ஆராய ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். 'உறுப்பினர்களிடையே உரித்துணர்வு நலிவடைந்துள்ளது' என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னார். சொல்லிவிட்டு, பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக்கடை ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தார்.

கைறுன்னிஸா ஒருநாள் நேரே தலைவரிடமே போய்விட்டாள்.

"சேர், என்ட பேர வெட்டிருங்க. மூணு பேர்ட அடுப்பு அணைஞ்சு கிடக்கு."

கலாநிதி அம்பன்வெல கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே அவருக்கு இரக்கம் வந்திருந்தது. "பாருங்கள் அம்மா, நீங்கள் தனியாள் என்றால் இந்த நிமிடமே போகலாம். ஆனால் நீங்கள் ஒரு தரப்பு. ஒரு தரப்பு விலகுவதென்றால் அந்தத் தரப்பு கூடி முடிவெடுக்க வேண்டும். உங்கள் தரப்பு யார்? இந்த மாவட்டத்தில் சமைக்கிற எல்லாப் பெண்களும். அவர்களைப் போய்க் கலந்தாலோசியுங்கள். ஜீப் தருகிறேன்."

"எல்லாப் பொம்பளைகளையுமா?"

"மாதிரிக்கு ஒரு தோட்டம் போதும். மாதிரி என்பது அதற்குத்தானே."

அப்படித்தான் ஒரு புதன்கிழமை வெள்ளை ஜீப் அவளையும் சுந்தரலிங்கத்தையும் ஏற்றிக்கொண்டு ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பாதையில் ஏறியது. தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களை அரைநாளோடு இறக்கிப் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போய்விட்ட கவலை எல்லோர் முகத்திலும் இருந்தது. மழைத்தூறல் வேறு. சுந்தரலிங்கம் ஆளுக்கொரு நிற அட்டை கொடுத்து, அவரவர் உணவுக் கனவை எழுதச் சொன்னார். எழுதத் தெரியாதவர்கள் படம் வரையலாம். கைறுன்னிஸா விலகுவதைப் பற்றிக் கேட்க ஓர் அட்டையும் இருக்கவில்லை.

காத்தாயி என்றொரு பெண். ஒட்டிய கன்னம், சாக்குப் படங்கு இன்னும் இடுப்பில் கட்டியபடியே இருந்தது. அவள் ஒரு வட்டத்தை வரைந்து கொடுத்தாள்.

"இது என்னம்மா? சூரியனா? பூமியா?"

"சட்டிங்க."

"சட்டியில என்ன இரிக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. அதத்தான் வரைஞ்சிருக்கேன்."

சுந்தரலிங்கம் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார்: தோட்டப்புறப் பெண்கள் சமையல் பாத்திரங்கள் பற்றிக் கரிசனை தெரிவித்தனர்.

பன்னிரண்டரை ஆயிற்று. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு ஜீப்பின் பின்கதவைப் பார்த்தார்கள். உணவுக் கூட்டமென்று கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பணிஸாவது கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தார்கள். பகலுணவு உபகுழு இன்னும் தீர்மானிக்கவில்லை என்பதைச் சுந்தரலிங்கம் அவர்களுக்குத் தெளிவாக எடுத்துரைத்தார்.  அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

காத்தாயி மட்டும் கைறுன்னிஸாவிடம் வந்தாள். "நீங்க எங்களுக்காக உள்ளுக்கு இருக்கீங்கன்னு சொல்றாரே இந்த ஐயா. அங்க என்னம்மா செய்றீங்க?"

கைறுன்னிஸாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வெளிய நிக்கிறேன்" என்றாள்.

 தன் வாசலுக்கு வந்த யாரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அத்தனை பெண்கள், அரைநாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு, அவள் பெயரால் கூப்பிடப்பட்டு, பசியோடு மழையில் ஏறிப்போனார்கள். வெட்கமாக இருந்தது. ஜீப்பில் திரும்பும்போதே கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். வீட்டுக்கு வந்ததும் நல்லம்மாவையும் ஹவ்வாவையும் கூப்பிட்டனுப்பினாள்.

"அடுப்பப் பத்த வைப்பம். கமிட்டி வாங்காட்டி பஸ் ஸ்டாண்டுல விப்பம். அங்க பசிச்சவன் வாங்குவான். எவன்கிட்டயும் கேக்கத் தேவல்ல."

"ஓடினாத்தானேக்கா? ஒருநாள் வித்து மறுநாள் விக்காம கெடந்தா?" என்றாள் நல்லம்மா.

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தேங்காயத் துருவு."

முதல் நாள் வியாபாரத்துக்குப் பார்த்து வைத்த அன்றுதான் கூட்டிணைவின் மீளாய்வுக் கூட்டமும் வந்து சேர்ந்தது. கொழும்பு மிஸ் திரும்பவும் வந்திருந்தாள். ஐந்தாவது தரப்பு வராவிட்டால் தன் வேலையே போய்விடும் என்று சுந்தரலிங்கம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். கைறுன்னிஸாவுக்கு மனம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைக் காட்டிவிட்டு வரலாமென்று, கூடைகள் அடுக்கிய த்ரீவீலைப் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே நிறுத்தச் சொல்லிவிட்டு மேலே ஏறினாள். நல்லம்மாவும் புஹாரியும் கீழே காத்திருந்தார்கள்.

அன்று உள்ளூர்க் கம்பனியின் முதலாவது சாப்பாடு மாதிரிக்கு வருவதாக ஏற்பாடு. சாப்பாட்டு வேன் விடியற்காலையிலேயே கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டதாம். ஒரு மணிக்குக் குருணாகலில் டயர் வெடித்து நிற்பதாகச் செய்தி வந்தது. இரண்டு மணிக்கும் அதே செய்திதான். பிஸ்கட்டும் இல்லை, கம்பனி வருகிறதென்று பிஸ்கட்டை நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியால் பொலஸ் கறியின் வாசம் மெல்ல மண்டபத்துக்குள் ஏறியது. அரச தரப்பு அதிகாரி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மூக்கைத் தூக்கினார்.

"தலைவர் அவர்களே, ஓர் அவசர விடயம். கீழே சாப்பாடு இருப்பதாகத் தெரிகிறது" என்றார்.

தலைவரின் முகத்திலும் ஒரு கணம் மனிதக்களை வந்தது. ஆனால் உடனே சுதாரித்துக்கொண்டார். "எங்கள் கூட்டிணைவு பசிக்காக விதியை விடாது. விதிப்படியே பசியைத் தீர்க்கும். கீழேயுள்ள சாப்பாட்டை வாங்குவதா என்ற விடயத்தை எடுப்போம். ஐந்தாவது தரப்புக்கு இதில் நலன் இருப்பதால், தயவுசெய்து வெளியே."

கைறுன்னிஸா வெளியே போனாள்.

"கூட்ட நடப்பெண், அதான் கோரம், இல்லீங்க. நாலு தரப்புத்தான் இருக்கு" என்றார் மாடசாமி, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

அவளைக் கூப்பிட்டார்கள். வந்து உட்கார்ந்தாள். நடப்பெண் வந்துவிட்டது. விடயத்தை எடுத்தார்கள். விடயம் எடுபட்டதும் அவள் வெளியே போக வேண்டியதாயிற்று. போனாள். நடப்பெண்ணும் போயிற்று. திரும்பக் கூப்பிட்டார்கள். கொழும்பு மிஸ் முதலில் இதை ஒரு பங்கேற்பு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். மக்கீன் ஹாஜியார் மேசையில் தட்டினார்.

"நாலு பார்சல எடுத்துட்டு வாறதுக்கு இவ்வளவு சட்டமா? எனக்கு ஷுகர் இரிக்கு!"

"உங்கள் ஷுகர் அறிக்கையில் பதியப்படும்" என்றார் தலைவர். "ஐந்தாவது தரப்பு, தயவுசெய்து வெளியே."

எத்தனையாவது தரமோ எழுந்து கதவுவரை போன கைறுன்னிஸா அங்கேயே நின்றாள். அவளுக்குப் புத்திசாலித்தனமாக எதுவும் தோன்றியிருக்கவில்லை. கால் வலித்தது, கீழே சோறு ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"சேர், ஒண்டு கேக்கணும். நான் எவ்வளவு தூரம் வெளிய போகணும்?"

தலைவர் யாப்பைப் புரட்டினார். தன்னிடம் ஒருவர் யாப்பைப் பற்றிக் கேள்வி கேட்டதில் அவருக்கு மகிழ்ச்சி. "தூரம் குறிப்பிடப்படவில்லை."

"எவ்வளவு நேரம்?"

"அந்த விடயம் தீர்மானிக்கப்படும் வரை."

"நான் உள்ளுக்கு இல்லாம தீர்மானிக்க ஏலுமா?"

"எக்காரணம் கொண்டும் ஏலாது. அதுதான் எங்கள் யாப்பின் சிறப்பு."

"அப்ப, தீர்மானிக்கிற வரைக்கும் நான் வரப்படாது. நான் வராட்டித் தீர்மானிக்க ஏலாது."

 தலைவர் அதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிழை எதுவும் தட்டுப்படவில்லை. "மிகச் சரி" என்றார் பெருமையோடு. "எவ்வளவு தெளிவாக விளங்கிக்கொண்டிருக்கிறார் பாருங்கள்."

"மிச்சம் சந்தோஷம் சேர்" என்று சொல்லிவிட்டுக் கைறுன்னிஸா படியிறங்கினாள். த்ரீவீல் புறப்படும் சத்தம் மேலே கேட்டது. அதோடு வாசமும் போய்விட்டது. மாடசாமி துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பஸ் ஸ்டாண்டில் நாவுல பஸ்ஸும் யட்டவத்த பஸ்ஸும் நின்றிருந்தன. நேரம் பிந்தியதால் விற்குமா என்று நல்லம்மா பார்சல்களைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். டிரைவர்மார் வாங்கினார்கள், சந்தைக்கு வந்து திரும்புகிற சனம் வாங்கியது. கூடைகள் பாதியானபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மக்கீன் ஹாஜியார் வந்தார்.

"புள்ள, நான் வர்த்தகர் தரப்பா வரல்ல. பசிக்கி வந்தீக்கிறன்."

"அப்ப வரிசைல நில்லுங்க ஹாஜியார்."

அவருக்குப் பின்னால் அரச தரப்பு வந்தது, கழுத்து அட்டையைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு. அதற்குப் பின்னால் சிவில் சமூகம். மாடசாமி. கொழும்பு மிஸ். எல்லோருக்கும் கடைசியில், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சுந்தரலிங்கம். கைறுன்னிஸா ஒவ்வொரு பார்சலோடும் கூட ஒரு பப்படம் வைத்துக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்து கூடையைக் கழுவப் போகும்போது தலைவரின் டிரைவர் ஓடிவந்தான். "அக்கா, ஒண்ணாச்சும் இரிக்கா? சேர் இன்னும் மேலதான். யாரும் இல்லாட்டியும் கூட்டத்த முடிக்கிறதுக்கு அஞ்சு தரப்பும் வேணுமாம். முடிக்கவும் ஏலாம, எழும்பவும் ஏலாம இரிக்காரு. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு."

புஹாரிக்கென்று எடுத்து வைத்திருந்த பார்சல் ஒன்றுதான் மிச்சம். கைறுன்னிஸா புஹாரியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"இந்தா, கொண்டு குடு. ஆனா உள்ளுக்கு வச்சுச் சாப்பிட வேணாம்னு சொல்லு. தலைவர் கூட்டத்துல சாப்பிட்டா, அது வாங்கத் தீர்மானிச்ச மாதிரி ஆயிரும். பொறகு நான் திரும்பி வரணும். வராந்தாவுக்கு வந்து சாப்பிடட்டும். குழாய்க்குப் பக்கத்துல நிக்க நல்ல இடம் இரிக்கு."

நல்லம்மா மறுநாளைக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று கேட்டாள். இன்றைக்குப் போட்டதைவிடக் கூடப் போடச் சொன்னாள் கைறுன்னிஸா.

கீழேயுள்ள சாப்பாட்டை வாங்குவதா என்ற விடயம் கூட்டிணைவின் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் விடயமாக எடுக்கப்பட்டு, ஐந்தாவது தரப்பு விதிப்படி வெளியே இருப்பதால் ஒத்திவைக்கப்பட்டு வருகிறது. அது எந்தக் காலத்திலும் தீர்மானிக்கப்பட்டுவிடக் கூடாதென்று கைறுன்னிஸா ஐந்து நேரத் தொழுகையிலும் துஆக் கேட்கிறாளாம்.